இரண்டாவது டர்போவைக் கொன்றது நான்தான்

முதல் டர்போ ஏன் செத்தது என்று கேட்காமல் புதுசை மாட்டினேன். அது 1,100 கிலோமீற்றரில் செத்தது. கதை இவ்வளவுதான். ஆனால் அந்த "ஏன்" எங்கே ஒளிந்திருந்தது, அதை எப்படிப் பிடித்தோம், இடையில் எங்கெங்கே வழி தவறினோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். இதே எஞ்சின் வைத்திருக்கும் யாராவது என்னைப் போலவே செய்யப்போகிறார்கள் என்று தெரியும்.

கார் 2005ஆம் ஆண்டு சுபாரு லெகசி ஜிடி, ஐந்து கியர் மனுவல், ஓடியது 2,14,000 கிலோமீற்றர். என் சித்தியின் மகனுடையது, அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன். வெளியே பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் ஓட்டும் குடும்பக் கார் மாதிரி இருக்கும், உள்ளே சிலிண்டர்கள் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும் 2.5 லீற்றர் ஈஜே255 பாக்ஸர் எஞ்சின், எக்சோஸ்ட் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்த ஐஎச்ஐ நிறுவனத்தின் விஎஃப்40 டர்போ, 250 குதிரைத் திறன். கனடாவின் ஸ்காபரோவில் இந்தக் காரை நல்ல நிலையில் தேடிப் பிடிப்பது கஷ்டம், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு தின்று விடும். இதன் அடிப்பாகம் ஓரளவு தப்பியிருந்தது, அதனால்தான் இவ்வளவு பாடுபட்டோம்.

2019 தை மாதம் ஒரு இரவு போன் வந்தது. "அண்ணா, கார் புகைக்குது. பின்னால வாறவங்கள் எல்லாம் லைட் அடிக்கிறாங்கள்." என்ன நிறம் என்று கேட்டேன். நீலம். சிக்னலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் புறப்படும்போது அதிகம், நெடுஞ்சாலையில் குறைவு. கூடவே மெல்லிய சைரன் மாதிரி ஒரு சத்தம், ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஏறி இறங்குகிறது. டர்போ தரும் காற்றழுத்தத்தை வழக்கமாக 13 பிஎஸ்ஐ என்று காட்டும் பூஸ்ட் மீற்றர் 8ஐத் தாண்டவில்லை. போனிலேயே தெரிந்துவிட்டது. நின்றபிறகு வரும் நீலப் புகை என்றால் டர்போவின் சீல் வழியாக ஒயில் எக்சோஸ்ட் பக்கம் கசிந்து தேங்குகிறது. சைரன் என்றால் டர்போவுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் சுவரில் உரசுகிறது.

அடுத்த சனிக்கிழமை, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றி, இன்டேக் ஹோஸை இழுத்துவிட்டு டர்போவின் மூக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு டர்போ தண்டு பக்கவாட்டில் மயிரிழை ஆடுவது சாதாரணம், ஏனென்றால் பெயரிங் ஒயில் படலத்தில் மிதக்கிறது, ஒயில் அழுத்தம் இல்லாதபோது அந்த இடைவெளி கைக்குத் தெரியும். முன்னும் பின்னுமாக ஆடவே கூடாது. இது இரண்டு பக்கமும் ஆடியது. கம்ப்ரசர் இதழ்களின் நுனி சுவரில் தேய்ந்து வெள்ளி நிறமாக மின்னியது. இன்டர்கூலருக்குள் அரைக் கோப்பை ஒயில்.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை. டர்போவுக்கு வயது 14, ஓட்டம் இரண்டு லட்சம், செத்தால் செத்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன். மீளமைத்த விஎஃப்40 ஒன்று 900 டொலருக்குக் கிடைத்தது. ஒயில், ஃபில்டர், புது கேஸ்கட், செம்பு வாஷர் எல்லாம் போட்டு, கராஜில் ஹீட்டரை எரியவிட்டு இரண்டு நாள் வேலை. அதில் ஒன்றரை நாள் துருப்பிடித்த மூன்று போல்ட்டோடு போராடியது. எக்சோஸ்ட்டை டர்போவுக்குக் கொண்டுவரும் அப்-பைப்பில் ஒரு போல்ட் முறிந்து, துளைத்து எடுத்தோம். ஒன்டாரியோவில் பழைய டர்போ கார் திருத்துவது என்றால் முக்கால்வாசி துருவோடு சண்டைதான், மெக்கானிக் வேலை மிச்சக் கால்வாசி.

கார் அருமையாக ஓடியது. ஐந்து கிழமை கழித்து அதே சைரன்.

பழைய கோட்

இப்போதுதான் தம்பியை உட்கார வைத்து விசாரித்தேன். முதல் தடவை கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

"ஒயில் எத்தினை கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தினனீ?"

"லைட் வந்தா மாத்துவன் அண்ணா."

அந்தக் காரில் ஒயில் மாற்றச் சொல்லி எந்த லைட்டும் வராது. அவன் சொன்ன லைட் ஒயில் அழுத்தம் குறைந்தால் எரிவது, அது எரிந்தால் காரியம் முடிந்தது. ரசீதுகளைத் தேடி எடுத்தபோது ஒரு இடைவெளி 13,000 கிலோமீற்றர், இன்னொன்று 16,000. அதுவும் வேலைக்குப் போய்வரும் நாலு கிலோமீற்றர் ஓட்டம், குளிர்காலத்தில் மைனஸ் 20இல். இப்படி ஓட்டினால் எஞ்சின் ஒயில் ஒருநாளும் முழுசாகச் சூடேறாது. பெற்றோல் கலக்கும், ஈரம் தங்கும், ஒயில் கெட்டித்துச் சேறாகும். நெடுஞ்சாலையில் ஓடிய 16,000 வேறு, மார்க்கம் ரோட்டில் காலையும் மாலையும் நின்று நின்று ஓடிய 16,000 வேறு.

இரண்டாவது விஷயம் அதைவிட முக்கியம். முதல் டர்போ சாவதற்கு ஐந்து மாதம் முன்பு செக் எஞ்சின் லைட் வந்திருக்கிறது. ஒரு கராஜில் காட்டியிருக்கிறான், கணினியில் பதிந்திருந்த பி0011 என்ற பழுதுக் கோட்டை எடுத்து, வலது பக்க ஒயில் கன்ட்ரோல் சொலினோயிட்டை, அதாவது மின்சாரத்தில் இயங்கும் ஒயில் வால்வை, மாற்றி அனுப்பிவிட்டார்கள். லைட் அணைந்தது. மூன்று கிழமையில் திரும்ப வந்தது. தம்பி பழகிவிட்டான்.

நான் முதல் டர்போவை மாற்றிய அன்றும் அந்த லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்கேனரைச் செருகி கோட்டைப் பார்த்தேன். "இது வேற பிரச்சினை, பிறகு பாப்பம்" என்று சொன்ன வாய் என்னுடையது.

வேறு பிரச்சினை இல்லை, ஒரே பிரச்சினை. ஏன் என்று சொல்கிறேன். இந்த எஞ்சினில் இன்டேக் கேம்களின், அதாவது காற்று வால்வுகளைத் திறக்கும் தண்டுகளின், நேரத்தை மாற்றும் ஏவிசிஎஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் மோட்டார் எதுவும் இல்லை. கேம் சக்கரத்துக்குள் ஒயிலை அழுத்தி, அந்த அழுத்தத்தாலேயே கேமை சில பாகை முன்னே திருப்புகிறார்கள். எவ்வளவு ஒயில் போக வேண்டும் என்பதை சொலினோயிட் தீர்மானிக்கும். பி0011 என்பது பாங்க் 1, அதாவது வலது பக்கக் கேம், கணினி கேட்ட இடத்தில் நிற்கவில்லை என்று சொல்கிறது. சொலினோயிட் பழுதானாலும் இந்தக் கோட் வரும், சொலினோயிட்டுக்கு ஒயில் போதாவிட்டாலும் வரும். டர்போவுக்குப் போகும் ஒயிலும் அதே வலது பக்க வழியில்தான் பிரிகிறது. வலது சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், டர்போவுக்குக் கீழே, கையே நுழையாத ஒரு இடத்தில் பான்ஜோ போல்ட் ஒன்று இருக்கிறது, நடுவில் ஓட்டையுள்ள போல்ட், அதற்குள் சின்ன விரல் நகம் அளவில் ஒரு வலை ஃபில்டர். அது அடைபட்டால் வலது கேமுக்கும் டர்போவுக்கும் ஒரே நேரத்தில் பட்டினி.

கேமுக்குப் பட்டினி வந்தால் ஒரு கோட் வரும், கார் கொஞ்சம் மந்தமாகும். டர்போவுக்கு அப்படி இல்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றும் தண்டு, ஒரு பக்கம் சிவக்கக் காய்ந்த எக்சோஸ்ட், ஒயில் படலம் மட்டுமே நடுவில். அது மெலிந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும்.

சோதித்தது எப்படி

ஊகம் சரியாகத்தான் தெரிந்தது, ஆனால் ஒருமுறை ஊகத்தில் 900 டொலர் விட்டாயிற்று. இந்த முறை எதையும் நிரூபிக்காமல் சாமான் வாங்குவதில்லை என்று முடிவு.

முதலில் செத்த டர்போக்கள். பழையது நல்லவேளையாக மூலையில் கிடந்தது. இரண்டையும் பிரித்தேன். எக்சோஸ்ட் பக்கம் இருக்கும் டர்பைன் சக்கரத்தின் இதழ்களில் அடிபட்ட தடயம் இருக்கிறதா என்று பார்த்தேன், ஏனென்றால் வட அமெரிக்காவுக்கு வந்த 2002 முதல் 2005 வரையான சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார்களில் அப்-பைப்புக்குள் புகையைச் சுத்தமாக்கும் ஒரு சின்ன கற்றலிற்றிக் கொன்வேட்டர் இருந்தது, அது உடைந்து துண்டுகள் டர்பைனில் அடித்த கதைகள் நிறைய. இங்கே இதழ்கள் சுத்தம். தண்டைப் பார்த்தால் கதை தெரிந்தது. பெயரிங் உட்காரும் இரண்டு இடங்களும் நீலமும் கறுப்புமாக வெந்திருந்தன. அழுக்கு ஒயில் கொன்ற டர்போவின் தண்டில் வட்ட வட்டமாகக் கீறல் இருக்கும், நிறம் மாறாது. நீலம் பாய்ந்தால் அது சூடு, சூடு என்றால் ஒயில் வரவில்லை. முதல் டர்போவில் கீறலும் நீலமும் கலந்திருந்தன, 1,100 கிலோமீற்றர் ஓடிய இரண்டாவதில் கீறல் மிகக் குறைவு, நீலம் மட்டும் அடர்த்தி. ஐந்து கிழமை முன்பு பழையதை இப்படிப் பிரித்துப் பார்க்க எனக்கு இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்தது ஒயில் அழுத்தம். சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் மீற்றர் பூட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிப் பார்த்தோம். கைநூல் கணக்கு, ஒயில் 80 பாகையில் இருக்கும்போது 600 ஆர்பிஎம்மில் 14 பிஎஸ்ஐ, 5,000இல் 43. எங்களுக்கு ஐடிலில் 17 வந்தது, 5,000இல் 55ஐத் தாண்டியது. அதாவது அழுத்தம் நன்றாகவே இருக்கிறது. இதைப் பார்த்ததும் தம்பி, "அப்ப ஒயில் பிரச்சினை இல்லைத்தானே?" என்றான். நானும் ஒரு கணம் குழம்பினேன். ஆனால் அந்த மீற்றர் இருப்பது பிரதான வழியில், வலைக்கு முன்னால். வீட்டு மெயின் குழாயில் தண்ணீர் நல்ல வேகத்தில் வந்தாலும் மாடி ஷவரின் துளை அடைபட்டிருந்தால் மேலே சொட்டத்தான் செய்யும். மெயின் குழாயில் மீற்றர் வைத்து ஷவரைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

மூன்றாவது, கேம் லாக், அதாவது ஓடும்போது கேம் எங்கே நிற்கிறது என்ற பதிவு. காரின் கணினியோடு இணைக்க டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் கேபிள், பதிய மடிக்கணினியில் ரொம்ரெய்டர் மென்பொருள், இரண்டும் சுபாரு வைத்திருப்பவர்கள் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை, ரொம்ரெய்டர் இலவசம் வேறு. புகைந்தாலும் மெதுவாக ஒரு ஓட்டம் போய், இடது வலது இரண்டு ஏவிசிஎஸ் கோணங்களையும் பதிந்தோம். 2,800 ஆர்பிஎம்மில் மெல்ல அழுத்தும்போது இடது 24 பாகைக்கு உடனே போய் அசையாமல் நின்றது. வலது 11இல் தயங்கி, 15க்கு ஏறி, திரும்ப இறங்கி, ஊசல் மாதிரி ஆடியது. புது சொலினோயிட் வலது பக்கத்தில்தான் இருக்கிறது, ஞாபகமிருக்கட்டும். சந்தேகம் தீர இரண்டு சொலினோயிட்டையும் இடம் மாற்றிப் போட்டோம். கோளாறு சொலினோயிட்டில் இருந்தால் அது இடது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை, வலதிலேயே நின்றது. இந்த இடமாற்றச் சோதனைக்குக் காசு செலவில்லை, அரை மணி நேர வேலை. அந்த முதல் கராஜ் இதைச் செய்திருந்தால் டர்போ ஒன்றுமே செத்திருக்காது. ஆனால் அவர்கள் கோட்டைப் பார்த்து சாமானை மாற்றினார்கள், நான் கோட்டையே பார்த்தும் பார்க்காமல் விட்டேன், இதில் யார் மோசம் என்று எனக்குத் தெரியும்.

கடைசிச் சோதனைதான் எல்லாவற்றையும் முடித்தது. டர்போவுக்கு மேல் வரும் ஒயில் குழாயைக் கழற்றி வாயை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டோம். எரிபொருள் பம்ப் இணைப்பை எடுத்துவிட்டு, அதாவது எஞ்சின் பிடிக்காத மாதிரி செய்துவிட்டு, தம்பியை 15 விநாடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். எண்ணினேன். ஏழு சொட்டு. திரும்ப 15 விநாடி, ஐந்து சொட்டு. பிறகு மூன்று நீட்டிப்புக் கம்பி, ஒரு வளையும் இணைப்பு, கண்ணாடித் துண்டு ஒன்று, இரண்டு மணி நேரக் கெட்ட வார்த்தை எல்லாம் சேர்ந்து அந்தப் பான்ஜோ போல்ட்டை வெளியே கொண்டுவந்தன. வலை தெரியவே இல்லை, கறுத்த மெழுகு அடைத்த மாதிரி ஒரு கட்டி, குண்டூசியால் குத்தினால் மினுமினுப்பு. வலையை எடுத்துவிட்டு போல்ட்டை மட்டும் பூட்டி, அதே 15 விநாடி. போத்தலில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒயில், சொட்டாக அல்ல, கயிறு மாதிரி.

நான் இரண்டாவது டர்போவைப் பூட்டிய அன்று இந்த ஒரு குழாயை மட்டும் போத்தலில் விட்டுப் பார்த்திருந்தால்... சரி, விடுங்கள்.

வலையைத் திட்டுவதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம். அது அழுக்கைப் பிடிக்க வைத்தது, பிடித்தது. 16,000 கிலோமீற்றருக்குச் சேறாகிப்போன ஒயிலை அனுப்பியது நாங்கள். அது மட்டுமில்லை, முதல் டர்போ சாகும்போது உதிர்ந்த பெயரிங் தூளும் ஒயிலோடு சுற்றி வந்து அதே வலையில்தான் சேர்ந்தது, அதனால்தான் இரண்டாவது இவ்வளவு சீக்கிரம் போனது. ஏற்கெனவே பாதி அடைபட்ட குழாயில் நான் புது டர்போவைப் பூட்டி, மீதியையும் அடைக்க அழுக்கையும் உள்ளேயே விட்டுவைத்தேன்.

மூன்றாவது டர்போவுக்கு முன்

இனி கேள்வி, எஞ்சினில் எவ்வளவு உலோகம் சுற்றியிருக்கிறது என்பது. ஒயில் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்தோம். தங்க நிறத் தூள். காந்தத்தில் ஒட்டவில்லை. டர்போ பெயரிங் வெண்கலம், அதனால் அது எதிர்பார்த்ததுதான். காந்தத்தில் ஒட்டும் சிராய்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே காரைப் பாகம் பாகமாக விற்றிருப்பேன். கம்ப்ரஷன் பார்த்தோம், நான்கும் 150 பிஎஸ்ஐயை ஒட்டி. குறிப்பாக நாலாவது சிலிண்டர், இந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங்கைத் தாங்கும் மேடு உடைவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் நலம்.

எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சம்பைக் கழற்றினோம். அடியில் அரைத்த தோசை மா போல ஒரு படிவு, ஆனால் கறுப்பு. அங்கிருந்து ஒயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வாய் வலையில் மூன்றில் ஒரு பங்கு மூடியிருந்தது. அந்தக் குழாய் இந்த எஞ்சின்களில் ஒட்டிய இடத்தில் வெடிப்பு விடும் என்று பேர் எடுத்தது, விட்டால் ஒயில் பம்ப் காற்றை இழுக்கும், அதோடு எஞ்சினே போய்விடும். எங்களுடையதில் வெடிப்பு தெரியவில்லை, இருந்தாலும் சம்ப் கையில் இருக்கும்போது பழையதைத் திரும்பப் பூட்டுவது மடத்தனம், புதுசு போட்டோம்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் ஒரு சாமான், ஃபில்டருக்கு மேலே உட்காரும் ஒயில் கூலர். உள்ளே நெருக்கமான தட்டுகள், எந்தத் திரவத்தை விட்டுக் கழுவினாலும் தூள் முழுசாக வராது. முதல் தடவை நான் அதைத் தொடவே இல்லை. இந்தத் தடவை புதுசு. டர்போ செத்த பிறகு ஒயில் கூலரைக் கழுவிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

சொலினோயிட் இரண்டையும் கழுவி, இடது பக்க வலையையும் எடுத்துப் பார்த்தோம், அதிலும் அழுக்கு, ஆனால் கால்வாசிதான். அப்புறம் டர்போ பக்க வலையைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் வாதம். ஒயில் ஏற்கெனவே பெரிய ஃபில்டர் வழியாக வந்ததுதான், இந்த வலை தேவையில்லை என்பார்கள் ஒரு பக்கம். குளிரில் கெட்டியான ஒயில் ஃபில்டரின் பைபாஸ் வால்வு வழியாக வடிகட்டாமலே போகும், அப்போது காப்பாற்றுவது இதுதான் என்பார்கள் மறுபக்கம். இரண்டும் உண்மை. நான் வலையை எடுத்தேன். கையே நுழையாத இடத்தில் இருக்கும் ஃபில்டரை யாரும் பார்க்கப்போவதில்லை, பார்க்காத ஃபில்டர் ஒருநாள் அடைப்பாகும். பதிலுக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் என்று தம்பியிடம் சத்தியம் வாங்கினேன். இவ்வளவு பாடத்துக்குப் பிறகும் ஒயிலை மாற்றாதவனுக்கு எந்த வலையும் உதவாது.

காற்றுக் கசிவும் பார்த்தோம். டர்போ வாயை ஒரு மூடியால் அடைத்து 15 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தபோது இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு மடிக்கப்பட்ட ஓரத்தில் நுரை கிளம்பியது. இந்தக் கசிவு டர்போவைக் கொல்லவில்லை, ஆனால் கேட்ட பூஸ்ட்டைக் கொடுக்க அது வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியிருக்கும், ஒயில் குறைந்த தண்டுக்கு அது கூடுதல் சுமை. முழு அலுமினிய இன்டர்கூலர் ஒன்று பழசில் வாங்கினோம்.

பூட்டும்போது புது டர்போவின் ஒயில் துளையில் கையால் ஒயில் ஊற்றி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கீழே வடியும் ஹோஸைக் கழற்றியபடியே பம்ப் இணைப்பில்லாமல் செல்ஃப் அடித்தோம். கீழே ஒயில் வடிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹோஸைப் பூட்டி எஞ்சினை எழுப்பினேன். 300 கிலோமீற்றரில் ஒயில் மாற்றம், 1,000இல் இன்னொன்று, இரண்டு தடவையும் ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். முதலாவதில் கொஞ்சம் தங்கத் தூள், இரண்டாவதில் தேடித்தான் காண வேண்டியிருந்தது. ஒயில் மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்பினோம், செம்பு முதல் மாதிரியில் 61 பிபிஎம், 5,000 கிலோமீற்றர் ஓடிய மாதிரியில் 9. ஏவிசிஎஸ் லாக்கில் இடதும் வலதும் ஒரு பாகை வித்தியாசத்துக்குள். பி0011 வரவில்லை.

கணக்கு சொல்லத்தான் வேண்டும். இரண்டு டர்போ, கூலர், பிக்கப், இன்டர்கூலர், கேஸ்கட், ஒயில் எல்லாம் சேர்த்து 3,100 டொலர், கூலி எங்கள் இருவருடையது என்பதால் பூச்சியம். முதல் நாளே சரியாகப் பார்த்திருந்தால் இதில் 1,000 மிச்சம். சொலினோயிட் மாற்றிய அன்றே யாராவது வலையை எடுத்துப் பார்த்திருந்தால் செலவு நான்கு செம்பு வாஷர்.

கார் இப்போது 2,41,000 ஓடியிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் எஞ்சினை எழுப்பும் முன் டிப்ஸ்டிக் பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம், ஓடி வந்த சூட்டில் பார்த்தால் இந்த எஞ்சினில் அளவு ஏமாற்றும். போன கிழமை படத்தோடு ஒரு கேள்வியும் வந்தது: "அண்ணா, கற்றலிற்றிக் இல்லாத டவுன்பைப் போட்டு, மேப் மாத்தி, 17 பிஎஸ்ஐக்கு ஏத்துவமா? டிரைவ் கிளீனும் இல்லைத்தானே இப்ப." ஒன்டாரியோவில் டிரைவ் கிளீன் என்ற அந்தப் புகைச் சோதனை 2019 சித்திரையோடு நின்றது உண்மை, கற்றலிற்றிக்கைக் கழற்றக் கூடாது என்ற சட்டம் நிற்கவில்லை. டர்போவிலிருந்து எக்சோஸ்ட் வெளியேறும் டவுன்பைப் கற்றலிற்றிக்கோடு இருந்தால் யோசிக்கலாம், எஞ்சின் கணினியின் கணக்கான மேப்பும் இந்தக் காருக்கென்றே லாக் பார்த்துச் செய்வதாக இருக்க வேண்டும் என்றேன். அதற்கு முன் அடுத்த ஒயில் மாதிரியின் முடிவு வரட்டும். இன்னும் வரவில்லை.